கன்று ஈன்ற பசுவுக்கு வெல்லம் பலன் தராது: கீட்டோசிஸ் வந்தால் செய்ய வேண்டியவை

கலப்பினப் பசு கன்று ஈன்று இரண்டு மூன்று வாரத்துக்குள் தவிடு, புண்ணாக்கை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் கடித்தால், பால் சட்டென்று இறங்கினால், மூச்சில் இனிப்பான வாடை வந்தால் கீட்டோசிஸ் என்று சந்தேகப்படுங்கள். பாலுக்கு வேண்டிய குளுக்கோஸ் போதாமல் உடல் கொழுப்பு கரைந்து, கீட்டோன் என்ற கழிவுப்பொருள் ரத்தத்தில் பெருகும் நோய் இது. கால்நடை மருந்தகத்தில் சிறுநீரைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

காரைக்குடிப் பக்கம் முதலில் வெல்லத்தைக் கரைத்துப் புகட்டுவார்கள். அந்தச் சர்க்கரை ரத்தத்தை எட்டுவதில்லை. பெருவயிற்று நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்கிவிடும். அதில் ஒரு பங்கான பியூட்ரிக் அமிலம் கீட்டோனாகவே மாறும். பசுவின் குளுக்கோஸைக் கல்லீரல்தான் செய்கிறது, பெரும்பாலும் புரொப்பியானிக் அமிலத்திலிருந்து. ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 72 கிராம் குளுக்கோஸ் வேண்டும். 10 லிட்டர் கறந்தால் 700 கிராமைத் தாண்டும்!

கொடுக்க வேண்டியது, கல்லீரல் குளுக்கோஸாக மாற்றிக்கொள்ளும் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவ மருந்து: மருத்துவர் சொற்படி தினம் ஒரு வேளை 300 மில்லி, 3 முதல் 5 நாள். தீவனத்தில் கலந்தால் பலன் குறையும், ஒரே மூச்சில் புகட்டுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலைக் கடைவாய் ஓரமாகச் செருகி மெல்ல ஊற்றுங்கள். தலையை அண்ணாத்தவோ நாக்கை இழுக்கவோ கூடாது, புரையேறி மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். அளவை ஏற்றினால் பசு மயங்கித் தள்ளாடும். வண்டி ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் வேறு பொருள், சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு.

சுவரை நக்கினால், தடுமாறினால் மருத்துவரை அழையுங்கள். 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) 500 மில்லியை நரம்பில் ஏற்றுவார். அது சில மணி நேரமே நிற்கும், ஆகவே கிளைக்காலை நிறுத்தாதீர்கள்.

மறுமுறை வராமலிருக்க, ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பே தவிடு, புண்ணாக்கு, தானியம் கலந்த அடர்தீவனத்தைச் சிறுகச் சிறுக ஏற்றுங்கள். ஈன்றபின் தினம் உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. உடைத்த மக்காச்சோளம் அதில் அவசியம் இருக்கட்டும், அதன் மாவுச்சத்து புரொப்பியானிக் அமிலத்தைக் கூட்டும். பருத்திக்கொட்டையை மட்டும் நம்பாதீர்கள், கொழுப்பிலிருந்து குளுக்கோஸ் அவ்வளவாக வராது. வானம் பார்த்த இந்த மண்ணில் கோடையில் பசுந்தீவனம் கிடைக்காது, கிணற்றடியில் நாலு வரிசை கம்பு நேப்பியர் புல்லாவது போட்டு வையுங்கள். சினையில் கொழுக்கவிட்ட பசுவுக்கே இந்த நோய் அதிகம் வரும்.

கல்யாண வீட்டில் மீந்த சோற்றை அண்டாவோடு கொட்டுவது வேறொரு கேட்டைக் கொண்டுவரும். சோறு வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகும், அசைபோடுவது நின்று பசு படுத்துவிடும். அப்படி நடந்தால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.