எடையுள்ள வலையமைப்பை எளிமையாக்குவது எப்படி? தொடக்கநிலையாளருக்கான செய்முறை

சில நூறு கணுக்களும் (நபர்கள், ஊர்கள் போன்றவற்றைக் குறிக்கும் புள்ளிகள்) அவற்றிடையே பல ஆயிரம் இணைப்புகளும் கொண்ட வலையமைப்பை, வலையமைப்புகளை வரைந்து காட்டும் கெஃபி மென்பொருளில் திறந்தால், பெரும்பாலும் நூல்கண்டு போன்ற ஒரு சிக்கலே திரையில் தெரியும். அதன் முதுகெலும்பை, அதாவது முக்கியமான இணைப்புகளை மட்டும் பிரித்தெடுக்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை; விரிதாளும் கெஃபியும் போதும்.

முதற்படி: தொடக்கக் கணு, இறுதிக் கணு, எடை (இணைப்பின் வலிமையைக் காட்டும் எண்) என மூன்று நெடுவரிசைகளில் தரவை அடுக்குங்கள். திசையற்ற வலையமைப்பில் (எந்தக் கணுவிலிருந்து எதற்கு என்ற வேறுபாடு இல்லாதது) ஒரே கணு இணை இருமுறை வந்திருந்தால், எடைகளைக் கூட்டி ஒரே வரிசையாக்குங்கள்.

இரண்டாம் படிக்கு முன் ஓர் எச்சரிக்கை. எடை 10-க்குக் குறைந்த இணைப்புகளையெல்லாம் நீக்கிவிடலாம் என்றே பலருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் சிறிய கணுக்கள் தம் முக்கியமான உறவுகளையும் இழந்துவிடும். ஆகவே, 2009ஆம் ஆண்டில் செரானோ, போகுன்யா, வெஸ்பிக்னானி ஆகிய ஆய்வாளர்கள் முன்வைத்த வேறுபாட்டு வடிகட்டியைப் (disparity filter) பரிந்துரைக்கிறேன். ஒரு கணுவின் மொத்த எடை அதன் இணைப்புகளிடையே தற்செயலாகப் பகிரப்பட்டிருந்தால், ஓர் இணைப்புக்கு இவ்வளவு பெரிய பங்கு கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதையே அது கணக்கிடுகிறது.

இரண்டாம் படி: ஒவ்வொரு கணுவுக்கும் மொத்த எடையையும் இணைப்பு எண்ணிக்கையையும் விரிதாளின் சம்இஃப் (SUMIF), கவுண்ட்இஃப் (COUNTIF) சார்புகளால் கண்டறியுங்கள். திசையற்ற வலையமைப்பில் ஒரு கணு இரு நெடுவரிசைகளிலும் வரும் என்பதால் இரண்டையும் கூட்ட வேண்டும். தொடக்கத்தில் பலரும் தவறுவது இங்கேதான்.

மூன்றாம் படி: இணைப்பின் எடையைக் கணுவின் மொத்த எடையால் வகுத்துப் பங்கைக் காணுங்கள். ஒன்றிலிருந்து அந்தப் பங்கைக் கழித்து, இணைப்பு எண்ணிக்கையில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்துங்கள். 8, 1, 1 என மூன்று இணைப்புகள் உள்ள கணுவில் 8-இன் பங்கு 0.8, விடை 0.2-இன் வர்க்கம், அதாவது 0.04. இருபது இணைப்புகளிலும் எடை 10 கொண்ட கணுவிலோ ஒவ்வொன்றின் பங்கும் 0.05 மட்டுமே, விடை ஏறத்தாழ 0.38. விடை ஒரு வரம்புக்குக் குறைவாக இருந்தால்தான் இணைப்பு தங்கும்; அந்த வரம்பு 0.05 எனில், 8 தங்கும். 10-கள், மறுமுனையில் வலுவாக இல்லாவிட்டால், போய்விடும்.

ஒவ்வோர் இணைப்புக்கும் இரு முனைகளிலிருந்தும் இக்கணக்கைச் செய்து, ஏதேனும் ஒரு விடை வரம்புக்குக் குறைவாயின் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இணைப்புள்ள கணுவுக்கு இக்கணக்கு பொருந்தாது; அம்முனைக்கு 1 என இட்டு, மறுமுனையின் விடையை மட்டும் பாருங்கள்.

எஞ்சிய வரிசைகளை கெஃபியில் ஏற்றி, கணுக்களைத் திரையில் ஒழுங்காக இடம் அமர்த்தும் ஃபோர்ஸ் அட்லஸ் 2 அமைப்பை ஓட்டுங்கள். கணுக்கள் பெருமளவில் தனித்தனியே சிதறினால் வரம்பை 0.1 ஆக உயர்த்துங்கள்; இன்னமும் நெரிசலாகவே இருந்தால் 0.01-க்கு இறக்குங்கள்.