பாஸ்போர்ட் வேண்டாம்தான், ஆனால் யாருக்கு, எந்த வழியில்?

மயாமித் துறைமுகம். கப்பல் கிளம்ப இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. செக்-இன் மேசையில் நண்பரின் மனைவி குழந்தையின் பிறப்புச் சான்றிதழைப் பெருமையோடு நீட்டினார். ரோஜா நிற ஓரம், ஆஸ்பத்திரியின் பெயர், நடுவில் இரண்டு குட்டிப் பாதங்களின் மை அச்சு. மேசைக்காரர் ரசித்துப் பார்த்தார், சிரித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். அது ஆஸ்பத்திரி தரும் நினைவுப் பரிசு. அரசு தரும் சான்றிதழ் வேறு. கப்பல் இவர்களை விட்டுவிட்டுப் போனது.

அமெரிக்கர்கள் பாஸ்போர்ட் இல்லாமல் போகக்கூடிய ஊர்களின் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம்: அமெரிக்காவின் ஆட்சியில் இருக்கும் தீவுகளான போர்ட்டோ ரிக்கோ, அமெரிக்க வர்ஜின் தீவுகள், குவாம், வட மரியானா தீவுகள், அப்புறம் கரீபியன் கப்பல் பயணம். பட்டியலில் தப்பில்லை. ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, அந்தச் சலுகை யாருக்கு, எந்த வழியாகப் போனால் என்று பார்க்காமல் விடுவதில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் யாருக்கு என்பது. இந்தச் சலுகை அமெரிக்கக் குடிமக்களுக்கு. நம் வீடுகளில் கணவர் எச்-1பி என்ற வேலை விசா, மனைவி எச்-4 என்ற துணைவர் விசா, குழந்தை மட்டும் அமெரிக்கக் குடிமகள், கூடவே ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அப்பா அம்மா என்று ஒரே காரில் பல வகை ஆட்கள் இருப்பார்கள். போர்ட்டோ ரிக்கோவுக்கு நேர் விமானத்தில் போவது உள்நாட்டுப் பயணம். விசா முத்திரை காலாவதியாகியிருந்தாலும், எதுவரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 பதிவின் தேதி செல்லுபடியாக இருந்தால் போய்வரலாம். அதற்காகப் பாஸ்போர்ட்டை வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 18 வயது தாண்டிய வெளிநாட்டவர் தங்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். கிரீன் கார்டுக்காரர்கள் கிரீன் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். விசாக்காரர்கள் பாஸ்போர்ட், ஐ-94, எச்-1பி என்றால் அதற்கு ஒப்புதல் தந்த ஐ-797 தாள். பஹாமாஸ் போகும் கப்பல் கதையே வேறு. அது வெளிநாடு போய்த் திரும்புவது. விசா முத்திரை முடிந்திருந்தால், டிக்கெட் வாங்குவதற்கு முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ரியல் ஐடி, அதாவது மத்திய அரசின் விதிப்படி மாநிலங்கள் தரும், நட்சத்திரக் குறி போட்ட ஓட்டுநர் உரிமம் அல்லது அடையாள அட்டை. 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானத்துக்கு அது கேட்கப்படுகிறது என்றதும், ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் அந்த நட்சத்திரம் எல்லையையும் தாண்ட உதவும் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். உதவாது. சாலை வழியாகக் கனடா, மெக்சிகோ போய்த் திரும்ப உதவுவது மேம்படுத்தப்பட்ட உரிமம் என்ற தனி அட்டை. அதைத் தருபவை மிச்சிகன், மினசோட்டா, நியூயார்க், வெர்மான்ட், வாஷிங்டன் ஆகிய ஐந்து மாநிலங்கள் மட்டும்தான், அதுவும் குடிமக்களுக்கே. மற்ற மாநிலத்தவர்களுக்கு பாஸ்போர்ட் கார்டு இருக்கிறது. பெரியவர்களுக்கு 30 டாலர், முதல் முறை என்றால் கூடுதலாக 35 டாலர். சட்டைப் பையில் அடங்கும். ஆனால் தரை வழிக்கும் கடல் வழிக்கும் மட்டுமே செல்லும். டொராண்டோ போகும் விமானத்தில் ஏற அதை நீட்டினால் வேலைக்காகாது. 16 வயதுக்குக் கீழே உள்ள அமெரிக்கக் குடிமக்களுக்குச் சாலை எல்லையில் பிறப்புச் சான்றிதழ் போதும். பாத அச்சு உள்ளது இல்லை, மாநிலமோ கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகமோ தந்தது.

சான்றிதழ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் கிளம்பி அதே துறைமுகத்துக்குத் திரும்பி வரும் கப்பல் பயணமாக இருந்தால், குடிமக்கள் பிறப்புச் சான்றிதழும் புகைப்பட அடையாள அட்டையும் காட்டி நாட்டுக்குள் திரும்பலாம். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் அலாஸ்கா கப்பல் இதில் சேரும். கனடாவின் வான்கூவரில் ஏறுவது சேராது. இங்கே நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குடியுரிமை வாங்கியவர்கள் மதுரையிலோ கோவையிலோ எடுத்த பிறப்புச் சான்றிதழை எடுத்துவருகிறார்கள். அது நீங்கள் மதுரையில் பிறந்தீர்கள் என்று சொல்லுமே தவிர, அமெரிக்கக் குடிமகன் என்று சொல்லாது. குடியுரிமைச் சான்றிதழின் அசல்தான் வேண்டும். தொலைந்தால் மறுபடி வாங்கப் பல நூறு டாலர் ஆகும் தாள் அது. அதை நீச்சல் குளம் உள்ள கப்பலில் பைக்குள் வைத்துக்கொண்டு திரிவதற்குப் பாஸ்போர்ட்டே மேல் என்பது என் கட்சி. பெயரையும் பாருங்கள். இனிஷியல் விரிந்து ஒரு தாளில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் நிற்பது நமக்குப் பழகிப்போனது. டிக்கெட்டும் அடையாள அட்டையும் ஒத்துப்போகவில்லை என்றால் எதிரே இருப்பவருக்கு அது இரண்டு ஆட்கள்.

போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்களுக்கும் ஒரு சிக்கல். 2010 ஜூலை 1-க்கு முன் அங்கே கொடுத்த பிறப்புச் சான்றிதழ்கள் செல்லாது. திருட்டுச் சான்றிதழ்களை வைத்துப் போலிப் பாஸ்போர்ட் எடுப்பது பெருகியதால் அரசே அவற்றை ரத்து செய்துவிட்டது.

கப்பலில் இன்னொன்று: பாதி வழியில் ஒரு தீவில் உடம்பு சரியில்லாமல் போய், அல்லது கடைத்தெருவில் நேரம் போனது தெரியாமல், கப்பலைத் தவறவிட்டால் வீடு திரும்ப விமானம்தான். அதற்குப் பாஸ்போர்ட் கட்டாயம். மார்ட்டினிக் போன்ற சில தீவுகள் இறங்குவதற்கே பாஸ்போர்ட் கேட்கும்.

இனி வழி. குவாம் அமெரிக்க மண். ஹோனலுலுவிலிருந்து நேரே பறந்தால் குடிமகனுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று டோக்கியோ வழியாகப் போட்டால் ஜப்பானில் வேண்டும். அலாஸ்காவுக்குக் காரில் போகிறவர் கனடாவைக் கடந்தாக வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பாயிண்ட் ராபர்ட்ஸ் என்ற சிற்றூருக்குச் சாலையில் போகவும் அப்படித்தான். ஒரு கனடியத் தீபகற்பத்தின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. நயாகராவில் ஜி.பி.எஸ். சொல்கிறதே என்று ரெயின்போ பாலத்து வரிசையில் சேர்ந்துவிட்டால் அடுத்த நிறுத்தம் கனடா. அமெரிக்கப் பக்கத்துப் பூங்காவுக்கு எந்தத் தாளும் வேண்டாம். பாலத்துக்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

வர்ஜின் தீவுகளில் கவனம் கூடுதலாக வேண்டும். 1917-இல் அமெரிக்கா 2.5 கோடி டாலர் தங்கம் கொடுத்து டென்மார்க்கிடமிருந்து வாங்கியவை செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் க்ராய். பக்கத்திலேயே பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள். செயின்ட் ஜான் கரையில் நின்றால் எதிரே அவற்றில் ஒன்றான டோர்டோலாவின் மலை தெரியும். உங்கள் போன் அந்தத் தீவின் சிக்னலைப் பிடித்து ரோமிங் கட்டணம் ஏற்றிவிடும் அளவுக்கு நெருக்கம். ‘ஒரு நாள் படகுச் சவாரி’ என்று விற்கப்படும் பலவும் எதிர்க்கரைக்குத்தான் போகின்றன. அங்கே அமெரிக்கருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். முன்பதிவு செய்யும்போதே எந்தத் தீவு என்று கேளுங்கள். அமெரிக்க வர்ஜின் தீவுகளிலிருந்து திரும்பும்போது விமான நிலையத்தில் சுங்க, குடிவரவுச் சோதனையும் உண்டு; குடிமகன் என்பதற்கு ஏதாவது சான்று கையில் இருந்தால் நல்லது. அப்புறம், அங்கே கார் இடப்பக்கம் ஓடும், ஸ்டியரிங்கும் இடப்பக்கமே. ஊரில் ஓட்டிப் பழகிய கையும் தடுமாறும்.

பசிபிக்கில் அமெரிக்காவின் ஆட்சியில் இருக்கும் அமெரிக்க சமோவாவை மற்றத் தீவுகளோடு சேர்த்துப் பேசுவது தப்பு. அங்கே குடிவரவை அவர்களே நடத்துகிறார்கள். குடிமகனும் பாஸ்போர்ட், இல்லாவிட்டால் சான்றளிக்கப்பட்ட பிறப்புச் சான்றிதழோடு புகைப்பட அடையாள அட்டை, கூடவே திரும்பும் டிக்கெட் காட்ட வேண்டும்.

கடைசியாக, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து திரும்பும்போது விவசாயத் துறையினர் பைகளை எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். தேங்காய் தப்பிக்கும், மாம்பழம் தப்பிக்காது. பழ ஈ பரவும் என்ற பயம். சந்தையில் ஆசையாக வாங்கிய நாலு மாம்பழத்தையும் விமான நிலையத்துக்கு வெளியே நின்று சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.