விடியூபர் நிறுவனத்தில் சேருமுன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்

முகத்தைக் காட்டாமல், அசையும் ஓவியப் பாத்திரம் ஒன்றின் வழியாக நேரலை செய்யும் விடியூபர் ஆக விரும்புபவர்கள் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் புகழையும் சந்தாதாரர் எண்ணிக்கையையும் பார்த்தே விண்ணப்பிக்கிறார்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

ஜப்பானின் கவர் நிறுவனம் நடத்தும் ஹோலோலைவ், எனிகலர் நடத்தும் நிஜிசான்ஜி ஆகிய இரு பெரிய குழுக்களிலும் பாத்திரத்தின் உரிமை நிறுவனத்துடையது. ஓவியம், அதை அசைய வைக்கும் ரிக்கிங் போன்ற தொடக்கச் செலவுகளை நிறுவனம் ஏற்கிறது. நீங்கள் விலகினால் பெயரும் உருவமும் அங்கேயே தங்கிவிடும். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களைப் பெற்றிருந்த ஹோலோலைவின் கவுர் குரா 2025 மே மாதத்தில் விடைபெற்றபோது, அந்தப் பாத்திரத்தின் நேரலையும் அத்துடன் நின்றது. இந்த விடைபெறலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பட்டமளிப்பு'. பட்டம் வாங்கியவர் வேறு பெயரில் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்காக, உரிமையை உங்களிடமே விடும் நிறுவனத்தை யோசிக்காமல் நம்பிவிடவும் கூடாது. 2020இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட விஷோஜோ, பாத்திரம் கலைஞருக்கே சொந்தம் என்பதைத் தன் சிறப்பாகச் சொல்லிவந்தது. அதன் முன்னணிக் கலைஞரான அயர்ன்மவுஸ், தமக்குச் சேர வேண்டிய தொகையும், நோய் எதிர்ப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கான அறக்கட்டளைக்கு நேயர்கள் அளித்த 5 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட நன்கொடையும் வந்து சேரவில்லை என்று கூறி 2025 ஜூலையில் விலகினார். சில நாட்களிலேயே நிறுவனம் மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. பாத்திரம் அவருடனேயே சென்றது, பணம்தான் சிக்கிக்கொண்டது.

ஆகவே, வருமானம் முதலில் யாருடைய கணக்கில் விழுகிறது, எத்தனை நாட்களுக்குள் உங்களுக்கு வருகிறது, கணக்கு விவரத்தை நீங்களே பார்க்க முடியுமா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 'பாதிக்குப் பாதி' என்று சொன்னால், எதில் பாதி என்று கேட்க வேண்டும். நேயர் ஒருவர் நேரலையின்போது 1000 ரூபாய்க்கு சூப்பர் சாட் (பணம் கட்டி அனுப்பும் செய்தி) அனுப்பினால் யூடியூப் ஏறத்தாழ 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 700 ரூபாயில் பாதி 350 மட்டுமே, அதிலிருந்தும் ரிக்கிங் செலவைக் கழிக்கும் விதி ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கலாம்.

வெளிநாட்டு நிறுவனத்தின் கிளையில் சேர்பவர்கள், கிளையே மூடப்பட்டால் தங்கள் நிலை என்ன என்பதையும் கேட்க வேண்டும். நிஜிசான்ஜியின் இந்தியக் கிளை 2020இல் தொடங்கி 2021இலேயே முடிவுக்கு வந்தது.

சிறு நிறுவனங்களில் இன்னொன்றைக் கவனியுங்கள். ஓவியத்துக்கும் ரிக்கிங்குக்கும் நீங்களே பணம் கட்டி, சேனலையும் நீங்களே வளர்க்க வேண்டும் என்றால், அவர்களுக்கு வருமானத்தில் பங்கு எதற்கு? தேர்வுக்கே கட்டணம் கேட்பவர்களிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். மற்றவர்களிடம், விலகிய பிறகு எத்தனை மாதங்கள் நேரலை செய்யக் கூடாது என்று தடை இருக்கிறதா என்பதைக் கேட்டு, ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பின்னரே கையெழுத்திடுங்கள்; அதற்கு அவகாசம் தர மறுக்கும் நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.