வேட்டை நாய் பழக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வெடிச்சத்தப் பயம் முதல் வெயில் வரை

புதிதாக வேட்டை நாய் வளர்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் நன்றாகத் தயாராகித்தான் வருகிறார்கள். நல்ல வம்சத்துக் குட்டி, நீளக் கயிறு, விசில், இறகு கட்டிய பயிற்சிப் பொம்மை, பார்த்து முடித்த காணொளிகள், எல்லாம் கையில் இருக்கும். அப்படியும் நாங்களெல்லாம் ஆரம்பத்தில் விழுந்த அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். தடுப்பூசி போடுங்கள், உண்ணி பாருங்கள், வேட்டைக்கு அனுமதி உள்ள இடமா, பருவமா என்று விசாரியுங்கள் என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. அதைக்கூடச் செய்யாதவருக்கு நாய் எதற்கு?

கூப்பிட்டு வரவழைத்துத் திட்டுவது

நாய் ஒரு முயலைக் கண்டு ஓடிவிட்டது. நீங்கள் தொண்டை கிழியக் கத்தினீர்கள். ரொம்ப நேரம் கழித்து, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. உங்களுக்குக் கை துறுதுறுக்கும். அந்த நேரத்தில் ஓர் அடி வைத்தால் முயலை விரட்டியதற்கு அடி என்று அதற்குப் புரியாது. நாய் கடைசியாகச் செய்த காரியம் உங்களிடம் வந்ததுதான். அடியை அதோடுதான் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அடுத்த முறை பத்தடி தள்ளி நின்று உங்கள் முகத்தைப் பார்க்கும். இரண்டு வாரம் போனால் அந்தப் பத்தடி ஐம்பதடி ஆகும். அப்புறம் "நாய்க்குத் திமிர்" என்று புகார் சொல்லிக்கொண்டு என்னிடம் வருவீர்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டிக்கொடுங்கள். துரத்தலை நிறுத்தும் பாடத்தை வேறொரு நாள் நீளக் கயிற்றோடு நடத்திக்கொள்ளலாம்.

ஒரே விசிலை ஏழு முறை ஊதுவது

ஒரு முறை ஊதுங்கள். வரவில்லையா, நடந்து போய்க் கூட்டி வாருங்கள்.

குட்டியின் தலைக்கு மேல் சுட்டுப் பார்ப்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எத்தனை பேரிடம் சொன்னாலும் யாராவது ஒருவர் செய்துகொண்டேதான் இருக்கிறார், எனக்கும் எரிச்சல் அடங்கவில்லை.

ஒருவர் எட்டு மாத ஸ்பேனியல் இன நாய் ஒன்றைக் கொண்டுவந்தார். அருமையான மூக்கு. புதருக்குள் ஒளித்த பொம்மையைக் காற்றில் வரும் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடும். தண்ணீரைக் கண்டால் யோசிக்காமல் குதிக்கும். "துப்பாக்கியை எடுத்தால் மட்டும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது" என்றார். விசாரித்தால் விஷயம் வந்தது. குட்டி நாலைந்து மாதமாக இருந்தபோது, அனுபவசாலி என்று பெயர் எடுத்த ஒருவர், சத்தம் பழகட்டும் என்று துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார். கயிற்றில் கட்டிய குட்டி, பக்கத்திலேயே வரிசையாக வெடி. நடுங்கியிருக்கிறது, நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டிருக்கிறது. "பழகிவிடும், விடு" என்று இன்னும் அரை மணி நேரம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பழகவில்லை. முதலில் வெடிச்சத்தத்துக்குப் பயந்தது. அப்புறம் துப்பாக்கியைப் பார்த்தாலே பயம். அப்புறம் துப்பாக்கிப் பையின் ஜிப் சத்தம். என்னிடம் வந்த சமயத்தில், அவர் வேட்டைக்குப் போடும் மேல்சட்டையை ஆணியிலிருந்து எடுத்தாலே நாய் மூலைக்குப் போய்விடும். பயம் இப்படித்தான் படரும். வெடி என்ற ஒன்றோடு நிற்காது; அதற்கு முன்னால் வரும் ஒவ்வொன்றையும் தொற்றிக்கொள்ளும். இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு நாள். ஆபத்தை ஒரே தடவையில் கற்றுக்கொள்ளாத மிருகம் பிழைக்காது என்பதால், பயப் பாடம் மட்டும் திரும்பச் சொல்லிக்கொடுக்காமலேயே ஏறிவிடும். உட்காரக் கற்றுக்கொடுக்க மட்டும் நமக்கு நூறு தடவை வேண்டும்.

சத்தத்தின் அளவையும் யோசியுங்கள். 12 போர் என்ற குழல் அளவுள்ள வேட்டைத் துப்பாக்கியின் வெடி, சுடுபவர் காதருகே 150 டெசிபலைத் தாண்டும். 140க்கு மேல் போனால் ஒரே வெடிகூடச் செவியைக் கெடுக்கலாம் என்பதால்தான் நாம் காதை அடைத்துக்கொண்டு சுடுகிறோம். நாய்க்குக் காதடைப்பு இல்லை. குழலுக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ அது நின்றால், சுடுகிறவரைவிட அதிகமாக வாங்கிக்கொள்ளும். வேலை நாய்களில் பல வயதாவதற்குள்ளேயே காது மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"பிறவிப் பயந்தாங்கொள்ளி, என்ன செய்வது" என்பார்கள். சில வம்சங்கள் சத்தத்துக்குக் கூடுதலாக மிரளும் என்பது உண்மைதான். அப்படியானால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். குட்டியை நிறுத்திச் சுட்டுச் சோதிப்பதில் தெரியவருவது எதுவுமில்லை. மிரளாத குட்டி எப்படியும் பழகியிருக்கும். மிரளும் குட்டி அன்றோடு கெட்டது.

சரி, எப்படிச் செய்வது? சத்தம் வந்தால் நல்லது ஏதோ நடக்கப் போகிறது என்று குட்டி நம்ப வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து அறையில் பாத்திரம் விழும் சத்தம், மரக்கட்டை தட்டும் சத்தம் என்று தொடங்குங்கள். பொம்மையை விரட்டி ஓடுவதில் குட்டிக்கு வெறி வந்த பிறகுதான் வெடி. அதுவும் பெரிய துப்பாக்கி வேண்டாம். வெற்றுத் தோட்டா போட்ட சிறிய துப்பாக்கி போதும். நண்பர் ஒருவர் நூறு மீட்டருக்கு அப்பால், குழலை வேறு பக்கம் திருப்பி, குட்டி முழு வேகத்தில் ஓடும்போது ஒரே ஒரு முறை சுட வேண்டும். நீங்கள் துப்பாக்கியைத் தொடாதீர்கள். உங்கள் கண் முழுக்கக் குட்டிமேல் இருக்கட்டும். அது ஓட்டத்தை நிறுத்தாமல் போனால் அன்றைக்கு அது போதும். நின்று திரும்பிப் பார்த்தாலோ, வால் இறங்கினாலோ, உதட்டை நக்கிக்கொண்டு உங்கள் காலடிக்கு வந்தாலோ, அடுத்த முறை தூரத்தைக் கூட்டுங்கள். வாரக்கணக்கில் மெல்ல மெல்ல நெருங்கி வாருங்கள். முதல் நிஜ வேட்டையில் ஒரே துப்பாக்கி, ஓரிரு பறவை, அதற்குமேல் வேண்டாம். பத்துப் பேர் வரிசையாக நின்று சுடும் இடத்துக்கு முதல் வருடத்து நாயைக் கொண்டுபோகாதீர்கள்.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று ஒரு பேச்சு உண்டு. பயம் என்பது சன்மானத்துக்காகச் செய்யும் காரியமில்லை. நீங்கள் தடவுவதால் அது அதிகமாகாது. நாய் உங்களிடம் ஒண்ட வந்தால் ஒண்டவிடுங்கள். சத்தமில்லாத இடத்துக்குக் கூட்டிப் போங்கள். அதைத் திரும்ப அதே இடத்தில் நிறுத்தி "தைரியம்" ஊட்டாதீர்கள்.

கெட்டுப்போனதைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும். பல நாய்களில் முழுதாகச் சரியாவதே இல்லை. அந்த ஸ்பேனியலோடு நாங்கள் நிறையப் பாடுபட்டோம். மேல்சட்டைக்குப் பயப்படுவது போயிற்று, ஜிப் சத்தம் போயிற்று, வெடி மட்டும் போகவில்லை. இப்போது அது பொருள் தேடும் மோப்ப விளையாட்டில் வெளுத்து வாங்குகிறது. அதன் சொந்தக்காரர் வேட்டைக்கு இன்னொரு நாய் வாங்கினார். அந்த "அனுபவசாலி" இன்றும் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வேலைக்கு ஆகாத நாயைக் கைமாற்றுவது

அந்தச் சொந்தக்காரர் நாயை வைத்துக்கொண்டார். எல்லோரும் அப்படி இல்லை. ஜெர்மனியின் பான் நகரத்து ஓபர்காசலில் 1914இல் ஒரு புதைகுழி கிடைத்தது; சுமார் 14,000 வருடம் பழையது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே இளம் நாய் ஒன்று. அதன் பற்களில் டிஸ்டெம்பர் என்ற, நாய்களைக் கொல்லக்கூடிய வைரஸ் நோயின் தடம் இருக்கிறது. யாராவது வாரக்கணக்கில் கூடவே இருந்து கவனிக்காமல் அது அத்தனை நாள் உயிரோடு இருந்திருக்காது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த நிலைமையில் அந்தக் குட்டியால் வேட்டைக்கு ஒரு பயனும் இருந்திருக்காது. அந்த மனிதர்களோ வேட்டையாடிச் சாப்பிட்டவர்கள். இரண்டு பருவம் சரியாக வேலை செய்யவில்லை என்று விற்கக் கிளம்புகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்ப்பேன். சிலர் கேட்பார்கள்.

நாயின் மூக்கைவிட உங்கள் கண்ணை நம்புவது

பறவை விழுந்த இடம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாய் இருபது மீட்டர் தள்ளிச் சுற்றுகிறது. உடனே விசில் ஊதி இழுக்கிறீர்கள். அடிபட்ட பறவை விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்காது, ஓடியிருக்கும். வாசனையும் காற்றோடு நகர்ந்திருக்கும். இப்படி நாலு முறை இழுத்தால் நாய் தேடுவதை விட்டுவிட்டு உங்கள் கையைப் பார்க்க ஆரம்பிக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, நாயைக் காற்றுக்கு எதிராக அனுப்பிவிட்டுச் சும்மா நில்லுங்கள். சும்மா நிற்பதுதான் புதியவர்களுக்கு வராத வித்தை.

வாயிலிருந்து பிடுங்குவது

பிடுங்கினால் இறுக்கிக் கடிக்கக் கற்கும். பறவை கூழாகும்.

ஓடுகிறதே, அப்படியானால் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது

வேலை வெறி உள்ள நாய் தானாக நிற்காது. விழும் வரை ஓடும். பாதத்தைத் தவிர அதற்கு வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்தாக வேண்டும். சாதாரணமாக 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் உடல் வெப்பம் 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு அகலமாகி நுனி கரண்டிபோல் விரிவது, ஈறு செக்கச் சிவப்பாவது, நடை தள்ளாடுவது இவற்றில் எதைக் கண்டாலும் வேலையை நிறுத்துங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படவைத்து, சூடு தணியத் தணிய மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தண்ணீர் ஊற்றாமல் முதலில் வண்டியில் ஏற்றினால் போகும் வழியிலேயே நாய் போய்விடலாம்.

லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. உற்சாகமாகச் சில நிமிடம் ஓடியதும் பின்னங்கால் துவண்டு விழுந்தால் அதை வெயில் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். டிஎன்எம்1 என்ற மரபணுவில் குறை உள்ள நாய்களுக்கு இப்படி நடக்கும். சோதனை இருக்கிறது, குட்டி வாங்கும்போதே தாய் தகப்பனின் முடிவைக் கேளுங்கள்.

வயிறு முட்ட ஊட்டிவிட்டுக் களத்தில் இறக்குவது

நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. பெரிய சாப்பாடு வேலை முடிந்து, மூச்சு அடங்கிய பிறகு. நடுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

திரும்பியதும் கால் இடுக்கைப் பார்க்காதது

புல்லின் முள்விதை விரல் இடுக்கிலும் காதிலும் ஏறும். ஏறினால் உள்ளேதான் போகும், வெளியே வராது. நாய் காலை நக்கிக்கொண்டே இருந்தாலோ, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஆட்டினாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.