முதல் மரக்கிண்ணம் கடையப் போகிறீர்களா?

பினாங்கில் பெருமழை அடித்த மறுநாள் சாலையோரத்தில் தூங்குமூஞ்சிக் கிளைகள் வெட்டிக் கிடக்கும். கேட்டால் சும்மாவே தருவார்கள். ஈரமரம் லேத்தில், அதாவது மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தில், வெண்ணெய்போல் கடையும். ஆனால் ஒரே நாளில் மெல்லிதாக்கி முடித்துவிடாதீர்கள். அப்படி முடித்த என் முதல் கிண்ணம் மூன்றாம் நாள் ராத்திரி 'டப்' என்று பிளந்தது.

20 செ.மீ. அகலக் கிண்ணம் என்றால் சுவரை 2 செ.மீ. கனத்தில் நிறுத்துங்கள்; பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. மெழுகு பூசி, காகிதப் பையில் போட்டு வைத்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். எடை குறைவது நிற்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வட்டம் கோணி முட்டை வடிவாகியிருக்கும். அதை மறுபடி வட்டமாக்கத்தான் அந்தக் கூடுதல் கனம்.

கம்பு கடையும் அகன்ற உளியைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது. மரத்தில் மாட்டினால் கைப்பிடிக்குள் நுழையும் அதன் மெல்லிய வால் முறிந்துவிடும். கிண்ணத்துக்கென்றே உள்ள குழிவான உளி, பவுல் கௌஜ்தான் சரி. உளியின் சாய்ந்த முதுகை முதலில் மரத்தில் உரசவிட்டு, அப்புறம் கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள். சீவல் சுருள் சுருளாகத் தோளில் விழும். வெளிப்பக்கம் அடியிலிருந்து விளிம்புக்கு, உட்பக்கம் விளிம்பிலிருந்து நடுவுக்கு.

சுவிட்ச் போடுமுன் கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், எங்கேயாவது இடிக்கிறதா என்று. வேகம் நிமிடத்துக்கு 500 சுற்றுக்குள் தொடங்கட்டும். முகம் முழுவதும் மறைக்கும் தடுப்புக் கவசம் கட்டாயம், கையுறை வேண்டாம், சுழலும் மரம் கையோடு இழுத்துக்கொள்ளும்.