விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்குப் பழைய மெயில்கள்

அப்பாவின் பழைய விண்டோஸ் கணினியில் இருந்தது தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருள். மெயிலைக் கணினிக்கே இறக்கிவிடும் பாப் கணக்கு என்பதால் மெயில் எல்லாம் ஹார்டு டிஸ்கில்தான், சர்வரில் ஒன்றும் கிடையாது. புதுக் கணினியில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 24.04. மெயிலை சர்வரிலேயே வைத்திருக்கும் ஐமேப் கணக்காக இருந்திருந்தால் இவ்வளவு வேலையே இல்லை.

நல்லவேளையாக, தண்டர்பேர்டு வழக்கமாக மெயில்களை எம்பாக்ஸ் வடிவில் வைக்கிறது. ஒரு ஃபோல்டருக்கு ஒரு கோப்பு. பெயருக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் இருக்காது. எந்த இயங்குதளத்திலும் அது அப்படியே செல்லும். மெயில், செட்டிங்குகள் எல்லாம் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டரை முழுதாகத் தூக்கி வைக்கலாம்தான், ஆனால் இத்தனை வருட அழுக்கு செட்டிங்குகள் எனக்கு வேண்டாம்.

புரொஃபைல் எங்கே என்று தேடி அலைய வேண்டியதில்லை. ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போனால் அதைத் திறக்கும் பொத்தானே இருக்கிறது. உபுண்டுவில் ஸ்னாப் என்ற மென்பொருள் தொகுப்பு முறை வழியாக வந்த தண்டர்பேர்டு அதை வேறு இடத்தில் வைப்பதால் இதுதான் சுலபம்.

பென் டிரைவில்தான் சிக்கல். இன்பாக்ஸ் கோப்பு மட்டும் ஏறவே இல்லை. காரணம், பென் டிரைவ் ஃபார்மட் ஆகியிருந்த ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு நிற்காது. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மட் செய்யலாம். நான் முதலில் தண்டர்பேர்டில் ஃபோல்டரை காம்பாக்ட் செய்தேன், அதாவது வீண் இடத்தை நீக்கினேன். அழித்த மெயில்கள் அதுவரை கோப்புக்குள்ளேயே கிடக்குமாம்! அளவு பாதியானது.

அப்புறம், உபுண்டுவில் தண்டர்பேர்டை மூடிவிட்டு, கோப்புகளை அதன் புரொஃபைலில் உள்ள லோக்கல் ஃபோல்டர்ஸ் உள்ளே போட்டேன். துணை ஃபோல்டர்கள் எஸ்பிடி (.sbd) என்று முடியும், அவற்றையும் சேர்த்து. எம்எஸ்எஃப் (.msf) கோப்புகள் வெறும் அட்டவணை, விட்டுவிடலாம். திறந்ததும் தானே உருவாக்கிக்கொண்டது.

திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியேற்றத்தில் வந்த சில தமிழ் மெயில்கள் மட்டும் புரியாத எழுத்தாக நிற்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவது தனி வேலை.