நாடியில் முளைக்கும் முடிக்கு ஒரு முடிவு: எலக்ட்ரோலிசிஸுக்குப் போகும் முன்

முதல் தடவை நான் கண்டிக்குப் போனது வீண் பயணம். ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று குலுங்கிப் போய்ச் சேர்ந்தால், எலக்ட்ரோலிசிஸ், அதாவது மின்சார ஊசியால் முடியின் வேரை அழிக்கும் வேலை, செய்கிற அக்கா என் நாடியை விளக்கடியில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "முடி எங்கே தங்கச்சி?" என்றார். இரண்டு நாளைக்கு முன்புதான் சித்தி மகள் கல்யாணத்துக்காகத் திரெடிங் செய்திருந்தேன். ஊசிக்கு வழி காட்டுவதே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடிதான். அது இல்லையென்றால் வேலையும் இல்லை.

ஆகவே திரெடிங், வெக்ஸிங், பிடுங்குதல் எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். பார்க்கச் சங்கடமாக இருந்தால் கத்தரியால் வெட்டலாம், சவரமும் செய்யலாம். சவரம் செய்தால் தடித்து வளரும் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஆளுக்காள் பயமுறுத்துவார்கள். அது பொய், நுனி மொட்டையாக வெட்டுப்படுவதால் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். போவதற்கு ஐந்தாறு நாளுக்கு முன் அதையும் விட்டுவிட்டால் இரண்டு மில்லிமீற்றராவது வெளியே தெரியும்.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். ஓ/எல் விஞ்ஞானத்தில் உப்புக் கரைசலை மின்பகுப்புச் செய்தது ஞாபகம் இருக்கிறதா? அதேதான். முடிக்குழிக்குள் முடியளவு மெல்லிய ஊசியை இறக்கி நேரோட்டம் கொடுத்தால், அங்கே இருக்கும் ஈரமும் உப்பும் சேர்ந்து சோடியம் ஐதரொட்சைட்டு உண்டாகி வேரை அரித்துவிடும். இதில் நம் கையில் ஒரு உலோகக் கம்பியைப் பிடிக்கத் தருவார்கள், மின்சுற்றை முடிக்க. இன்னொரு முறை தேர்மோலிசிஸ்: உயர் அதிர்வெண் கரண்டின் சூட்டில் வேர் வெந்துவிடும், வேகமான வேலை. இரண்டையும் கலந்து செய்வது பிளெண்ட். 1875இல் சார்ள்ஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் வைத்தியர் இந்த வித்தையை எழுதிவைத்தது அழகுக்காக அல்ல, கண்ணில் குத்தும் இமைமுடியை எடுப்பதற்காக.

லேசர் சுலபம்தானே என்று கேட்பீர்கள். லேசர் முடியின் கறுப்பைத் தேடிச் சுடுகிறது. நரைத்த முடி அதற்குத் தெரியாது. என்னைப் போல் கறுத்த தோலில் தோலையும் சேர்த்துச் சுட்டுவிடும் ஆபத்து கூட. ஊசிக்கு நிறம் கணக்கில்லை.

ஆனால் பொறுமை வேண்டும். நாடியில் இருக்கும் முடியெல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சிலது வளரும், சிலது உள்ளே உறங்கும். வளர்கிற முடியில்தான் அடி சரியாக விழும். அம்மா கொழுந்தெடுத்த காலத்தில் ஏழெட்டு நாளைக்கொருமுறை அதே மலைக்குத் திரும்பப் போவாரே, அந்த மாதிரி. நான் முதலில் இரண்டு கிழமைக்கு ஒருதடவை, பிறகு மாதம் ஒருதடவை என்று 14 மாதம் போனேன்.

ஆளைத் தெரிவு செய்யும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஊசிப் பக்கெற்றை உங்கள் கண்முன் பிரிக்கிறாரா? முதல் நாளே முழு நாடியையும் எடுக்காமல் ஒரு மூலையில் சோதித்துவிட்டு இரண்டு கிழமை பொறுக்கச் சொல்கிறாரா? மூன்றாவதுதான் முக்கியம்: கரண்ட் பட்ட முடி வெண்ணெயில் இருந்து வருவது போல வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சுருக்கென்று இழுபட்டால் அது வெறும் பிடுங்கல். அந்த முடி திரும்பி வரும், காசு வராது. இடையில் கிட்ட இருக்கிறதே என்று வேறொரு சலூனுக்குப் போனேன். கரண்ட் அதிகம் வைத்ததில் பொருக்குத் தட்டி, கரும்புள்ளிகள் மறைய ஐந்து மாதமானது.

வலி? கொதி எண்ணெய்த் துளி தெறித்த மாதிரி, திரும்பத் திரும்ப. மேலுதட்டில் கண்ணீர் தானாக வரும். மரத்துப்போகும் கிறீமை ஒரு மணித்தியாலம் முன்பே பூச வேண்டும். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தேத்தண்ணி, கோப்பியைக் குறைத்துத் தண்ணீர் நிறையக் குடியுங்கள், கூச்சம் குறையும். தேயிலைக்குள் பிறந்தவளிடம் இதைச் சொல்வது அநியாயம்தான்.

முடிந்த பிறகு சிவந்து வீங்கும், ஒரு நாளில் வடியும். குளிர்ந்த துணியால் ஒற்றலாம், கற்றாழைச் சாறு தடவலாம். பவுடர், மஞ்சள் வேண்டாம். சின்னப் பொருக்கு வந்தால் கிள்ளாதீர்கள். எங்கள் குளிருக்கு மப்ளரை நாடிவரை சுற்றுவது பழக்கம். கம்பளி உரசினால் எரியும், பருத்திச் சால்வை கொண்டு போங்கள். குளிராக இருந்தாலும் மலை வெயில் சுடும், குடை பிடியுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது வேண்டாம். கர்ப்பிணிகள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். மச்சத்தில் முளைத்த முடிக்கும் அதேதான். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் முகத்தில் முடி கூடிக்கொண்டே போனால், ஊசிக்கு முன் ஹோர்மோன் சோதனை. எனக்குப் பி.சி.ஓ.எஸ். என்ற ஹோர்மோன் கோளாறு இருந்தது, அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் ஒரு பக்கம் எடுக்க மறு பக்கம் புதிதாக முளைத்துக்கொண்டிருக்கும்.

கடைசித் தடவை மிஞ்சியிருந்தது ஏழு முடி. ஐந்து நிமிட வேலை, போய் வர முழு நாள் பஸ். "ஏழு மயிருக்கா இவ்வளவு தூரம் போன?" என்று அம்மா வாசலிலேயே கேட்டார்.